பாலாடைக்கட்டியும் பழமும் சேர்ந்த பச்சை சாலட்

கீரையையும் காயையும் வேகவைத்து நீரை வடித்துவிட்டால், வைட்டமின் ‘சி’யின் பெரும்பகுதி வெப்பத்தில் அழிந்தும் நீரோடு கலந்தும் போய்விடுகிறது. எனவே மனையியல் வகுப்பில் நாங்கள் பச்சையாக உண்ணும் சாலட் செய்யக் கற்றோம்.

தேவையானவை (நால்வருக்கு): லெட்யூஸ் இலை 8, வெள்ளரிப் பிஞ்சு 1, கொய்யா 1, ஆரஞ்சு 1, பால் ½ லிட்டர், எலுமிச்சம்பழம் 2, நல்லெண்ணெய் 1 மேசைக்கரண்டி, உப்பு, மிளகுத்தூள்.

செய்முறை: பாலைக் காய்ச்சிப் பொங்கியதும் இறக்கி, ஒரு பழத்தின் சாற்றைச் சிறிது சிறிதாக விட்டுக் கிளறவும். புளிப்பினால் பாலின் புரதம் திரண்டு நீர் பிரியும். சுத்தமான துணியில் வடித்து, குளிர்ந்த நீர் ஊற்றி அலசி, அரை மணி நேரம் பாரம் வைத்தால் பாலாடைக்கட்டி தயார். வடித்த நீரில் சப்பாத்தி மாவு பிசையலாம்.

இலைகளைத் தனித்தனியே பிரித்து, ஓடும் நீரில் பலமுறை கழுவி, இறுதியாகக் காய்ச்சி ஆறிய நீரில் அலசித் துடைக்கவும். இதில் சோம்பல் கூடாது; அசுத்த நீரும் கழுவாத கையும் டைபாய்டைக் கொண்டுவரும். பின் அனைத்தையும் நறுக்கிச் சேர்க்கவும்.

முதன்முறை நாங்கள் உப்பையும் எலுமிச்சைச் சாற்றையும் முன்னதாகவே கலந்துவிட்டோம். சிஸ்டர் சுவைக்க வருவதற்குள் இலைகள் துவண்டு, கிண்ணத்தில் நீர் தேங்கியிருந்தது! உயிரியலில் படித்த சவ்வூடு பரவலை அன்றுதான் கண்ணால் கண்டோம். ஆகவே உப்பு, மிளகு, சாறு, எண்ணெய் ஆகியவற்றை உண்ணும் வேளையில்தான் கலக்க வேண்டும்.

கொய்யாவில் ஆரஞ்சைவிட நான்கு மடங்கு வைட்டமின் ‘சி’ உண்டு. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க அது துணைசெய்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களுள் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஏறக்குறைய 24 பேர்! சாலட் மருந்தன்று, மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தலாகாது. ஆனால் கீரை, பயறு உள்ள உணவோடு இதை உண்பது நன்று.

தோழியரே, நம் இல்லங்களில் அனைவரும் உண்டபின் மிஞ்சியதை உண்பவர் அம்மாதான். சாலட்டோ காத்திராது. எனவே கலக்குமுன் அம்மாவையும் அழைத்து அமர்த்துவோம். செபம் சொல்லி, அனைவரும் ஒன்றாக உண்போம்.