பெண் பிள்ளைக்கு ஆண் ஹோர்மோன் சோதனை எதற்கு?

கேள்வி: என் மகளுக்கு 7 வயது. கமக்கட்டில் முடி அரும்புகிறது. இரத்தத்தில் அன்ட்ரோஜன் பார்க்கச் சொல்கிறார் வைத்தியர். பெண் பிள்ளைக்கு அது ஏன்?
— ஒரு தாய், சாட்டி, வேலணை

பதில்: ஆண் ஹோர்மோன் எனப்படும் அன்ட்ரோஜன் பெண் உடலிலும் சுரக்கும்; கமக்கட்டில் முடியை முளைக்க வைப்பதும் அதுதான். சிறுநீரகத்தின் மேலுள்ள அதிரினல் சுரப்பி அதில் ஒரு பங்கைத் தருகிறது. பெண் பிள்ளைக்கு 8, ஆண் பிள்ளைக்கு 9 வயதுக்கு முன் இப்படி முடி முளைத்தால் காரணம் தேடுவார்கள். பெரும்பாலும் அச்சுரப்பி கொஞ்சம் முந்தி வேலை தொடங்கியதுதான்; பயப்பட ஒன்றுமில்லை. அரிதாகப் பிறவி நொதிக் குறைபாடோ கட்டியோ இருக்கலாம்.

பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணத்துக்கு வெள்ளெனப் போய், காலை 8 மணியளவில் இரத்தம் கொடுங்கள். பொழுது ஏற சில ஹோர்மோன்களின் அளவு இறங்கிவிடும். முடிவைப் பெரியவர்களின் அளவோடு ஒப்பிடாதீர்கள். குரல் தடித்தாலோ உயரம் மளமளவென்று கூடினாலோ தாமதிக்க வேண்டாம்.