ஓதம் எந்தப் பக்கமிருந்து வருது?

சிவில் படிக்கிறோம்னு தெரிஞ்சா போதும், தாத்தா காலத்து வீட்டுச் சுவரைக் காட்டி "இந்த ஓதத்துக்கு என்ன பண்ணலாம்?"னு கேப்பாங்க. உடனே வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட்னு சொல்லிடாதீங்க.

தரையிலிருந்து 1 மீட்டர் வரை பட்டையாக ஏறியிருந்தால் பெரும்பாலும் நிலத்து ஈரம். மழைக்குப் பிறகு சுவர் நடுவே திட்டு பெரிதானால், வெளியிலிருந்து ஊடுருவும் ஈரம். சந்தேகமா? சுவரைத் துடைத்து, அலுமினியத் தாளை நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி 2 நாள் விடுங்க. முன்பக்கம் நீர்த்துளி என்றால் அறைக் காற்றின் ஈரம். பின்பக்கம் என்றால் சுவருடையது.

அப்புறம் வெளியே போய், திட்டுக்கு நேராகவும் மேலேயும் தேடுங்க: சன்ஷேடு இணைப்பு, கைப்பிடிச் சுவர் விரிசல், உடைந்த மழைநீர்க் குழாய். அதை முதல்ல அடைக்கணும். சுண்ணாம்புச் சுவர்மேல் பின்னாளில் சிமெண்ட் பூசியிருந்தா, நிஜ வில்லன் அதுதான்! விரிசலில் நுழைந்த தண்ணீர் ஆவியாக வழியில்லாம உள்ளேயே தங்கும். கொத்தி எடுத்துட்டு சுண்ணாம்புக் கலவையே பூசணும். தடித்த சுவர் காய மாசக்கணக்காகும்; அதுவரை பெயிண்ட் டப்பாவைத் திறக்காதீங்க.