பழைய மோட்டார் வண்டியின் மீட்டர் விளக்குகள்

வீட்டில் ஒரு விளக்கு அணைந்தால் உடனே அறிகின்றோம். மோட்டார் வண்டியின் மீட்டர்ப் பலகையில் ஒரு சிறு விளக்கு அணைந்தாலோ, பலர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. வண்டி ஓடுகின்றது, முன்விளக்குகள் எரிகின்றன, இச்சிறு விளக்கினால் ஆவது என்ன என்று வாளா இருந்துவிடுகின்றனர். அங்ஙனம் இருந்ததன் பயனைச் சென்ற மார்கழியில் யாங்கள் நன்கு நுகர்ந்தோம்.

பெரியப்பாவின் அம்பாஸடர் வண்டியில் மதுரையிலிருந்து திருமங்கலத்திற்கு இரவில் திரும்பிக்கொண்டிருந்தோம். மீட்டர்ப் பலகை பல நாட்களாகவே இருண்டு கிடந்தது. கப்பலூரை அணுகும்போது எஞ்சினின் மேல்மூடி இடுக்கிலிருந்து ஆவி சீறியது, வண்டி நின்றது. டைனமோவைச் சுழற்றும் பட்டை அறுந்திருந்தது. நீர்ப்பம்பைச் சுழற்றுவதும் அதுவே. ஆகவே நீர் ஓட்டம் நின்று எஞ்சின் கொதித்துவிட்டது. வெப்பமானி அதனைக் காட்டியே இருந்தது. இருளில் அதனைக் காண்பார் இல்லை. ஏறியிருக்க வேண்டிய சிவப்பு விளக்கும் எரியவில்லை. நெடுஞ்சாலையில் லாரிகள் விரைந்து செல்ல, வண்டியை ஓரத்திற்குத் தள்ளிய அந்தக் கால்மணி நேரம் எம் உள்ளத்தை விட்டு அகலவில்லை.

மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் வழிவந்த அம்பாஸடரின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. எனினும் அவ்வண்டியைப் பேணுவார் இன்றும் உளர். இத்தகைய வண்டிகளின் மின்கருவித் தொழிலில் நம் மதுரைக்கும் பங்குண்டு. 1911-இல் மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய நிறுவனம், இங்கிலாந்தின் லூக்காஸ் நிறுவனத்தோடு கூடியதன் விளைவாக 1961-இல் லூக்காஸ்-டி.வி.எஸ். தோன்றியது. புது வண்டி வாராத இக்காலத்தில், உள்ள வண்டியின் பழுதை அறியும் முறையை உடையவரே கற்றல் நலம். அம்முறையை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

மீட்டர்ப் பலகையில் இருவகை விளக்குகள் உண்டு. ஒருவகை, மீட்டர்களின் மேல் ஒளி வீசி அவற்றைக் காட்டுவது. மற்றொன்று, தீங்கு நேர்ந்தபோது தானே எரிந்து எச்சரிப்பது. இவ்விரண்டிற்கும் மின்சாரம் வரும் வழி வேறு. சோதிக்கும் முறையும் வேறு.

முதல்வகையை முதற்கண் காண்போம். பல பழைய வண்டிகளில் இவ்விளக்குகளும் பின்விளக்குகளும் ஒரே ஸ்விட்சின் வழியாக மின்சாரம் பெறுகின்றன. ஆதலின் மீட்டர்ப் பலகை முழுதும் இருண்டால், இறங்கிச் சென்று பின்விளக்கைப் பார்க்க. அதுவும் அணைந்திருப்பின் பியூஸையும் ஸ்விட்சையும் ஐயுறுக. அஃது எரியுமாயின், ஒளியைக் கூட்டிக் குறைக்கும் திருகு, பொது ஒயர், எர்த் ஆகிய மூன்றில் ஒன்றிலே குறை உளது. ஒரு விளக்கு மட்டும் அணைந்திருப்பின், பல்பையோ அதன் தாங்கியையோ பார்த்தால் போதும்.

எர்த் என்பது யாது? பாட்டரியின் ஒரு முனை வண்டியின் இரும்புடலோடு பிணைக்கப்பட்டுள்ளது. ஒயர் வழியே விளக்கிற்குச் சென்ற மின்சாரம் அவ்வுடல் வழியே மீள்கின்றது. விளக்குத் தாங்கி உடலோடு சேரும் இடத்தில் துரு ஏறினால் மீளும் வழி குறுகும். 12 வோல்ட், 2.2 வாட் பல்பு ஒன்று எரியும்போது அதன் தடை ஏறத்தாழ 65 ஓம். அத்தகைய நான்கு பல்புகள் இணையாக நின்றால் மொத்தத் தடை ஏறத்தாழ 16 ஓம். அவற்றின் பொது எர்த்தில் துருவினால் மற்றொரு 16 ஓம் சேருமாயின், பல்புகளுக்குப் பாதி வோல்ட்டும் கிட்டாது. வோல்ட் பாதியாகக் குறைந்தால் ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறையும். பல்பு நல்லதாயிருந்தும் பலகை இருண்டு தோன்றும் காரணம் இதுவே. மறுநாள் வண்டியைப் பார்த்த மெக்கானிக், "தம்பி, பல்பை மாற்றுமுன் எர்த்தைப் பாருங்கள்" என்று கூறியதன் பொருளும் இதுவே.

சோதனைக்கு வேண்டுவது ஒரு டெஸ்ட் லாம்பு. பலகையைக் கழற்றும்போதும் அதன் பின்னே கையிடும்போதும் பாட்டரி இணைப்பை நீக்கிவிடுக. சோதிக்கும்போது மட்டும் மீண்டும் இணைக்க. ஸ்விட்சைப் போட்டு, டெஸ்ட் லாம்பின் ஒரு முனையைத் துருவற்ற இரும்பில் மாட்டி, மறுமுனையால் பல்புக்கு வரும் ஒயரைத் தொடுக. அது எரிந்தால் மின்சாரம் வந்துள்ளது. குறை பல்பிலோ எர்த்திலோ இருக்கும். தாங்கியிலிருந்து துருவற்ற இரும்புக்குத் தனி ஒயர் ஒன்று பிடித்துப் பார்த்து, பல்பு தெளிந்து எரியுமாயின் குறை எர்த்தே. அவ்விடத்தை உப்புத்தாளால் தேய்த்து இறுக்குக. டெஸ்ட் லாம்பு எரியாவிடின், ஸ்விட்சை நோக்கிப் படிப்படியாகப் பின்செல்க. எரிந்த இடத்திற்கும் எரியாத இடத்திற்கும் இடையே பழுது உளது.

பியூஸ் அடிக்கடி போகுமாயின், எங்கோ ஒயரின் உறை தேய்ந்து இரும்பைத் தொடுகின்றது என்க. அப்போது பெரிய பியூஸ் போடுவதும், ஈயத்தாளைச் சுற்றுவதும் வண்டிக்குத் தீவைப்பதை ஒக்கும். அவ்வழியில் உள்ள பல்புகளைக் கழற்றிவிட்டு, பியூஸின் இடத்தில் டெஸ்ட் லாம்பை மாட்டுக. தொடுகை உள்ளவரை அது எரியும். ஒயர்களை ஒவ்வொன்றாக நீக்கிவர, எதனை நீக்கியபோது அணைகின்றதோ அதனிடத்தே குறையைக் காணலாம்.

இனி எச்சரிக்கை விளக்கு. சாவியைத் திருப்பி எஞ்சினைக் கிளப்பாதபோது சார்ஜ் விளக்குச் சிவந்து எரிதல் வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைதல் வேண்டும். ஓடும்போது எரிந்தால் பாட்டரிக்கு மின்சாரம் சேரவில்லை என்பது கருத்து. பட்டை அறுந்ததும் காரணமாகலாம். சாவி திருப்பியபோதே எரியாதிருப்பின், பெரும்பாலும் பல்பு போயிருக்கும். ஆல்டர்னேட்டர் உள்ள பல வண்டிகளில் அப்பல்பு போனால் சார்ஜே தொடங்காமலும் இருக்கக்கூடும்.

எங்கள் வண்டியில் நேர்ந்ததும் இதுவே. காட்டும் விளக்குகளைத் துரு மறைத்தது; எச்சரிக்கும் பல்போ கருகிப்போயிற்று. எரியாத சிவப்பு விளக்கைக் கண்டு எல்லாம் நலமே என்று எண்ணினோம். எச்சரிக்கும் விளக்கு எரியாதிருத்தல் இருவகைப் பொருள் தரும்: தீங்கு இல்லை என்பது ஒன்று, தீங்கு வந்தாலும் உரைக்க வல்லது அன்று என்பது மற்றொன்று. இவ்விரண்டில் எது என்பதை அறியச் சாவியைத் திருப்பிப் பார்க்கும் ஒரு நொடியே போதும். பத்துக் கன்னிகைகளும் விளக்குகளைக் கையில் ஏந்தியே புறப்பட்டனர். புறப்படுமுன் எண்ணெயை நினைத்தவர் ஐவரே. இரவுப் பயணம் மேற்கொள்வோர் அவ்வைவரைப் போல் இருப்பாராக.