நம்பிக்கைகளும் உண்மைகளும்: கும்மிடிப்பூண்டியின் பசுமை எஃகு

கார்பன் குறைந்த தொழில் என்றால் அது சுற்றியுள்ள ஊருக்கும் நல்லது, வேலை செய்பவருக்கும் நல்லது என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. வளரும் நாடுகள் பசுமைப் பொருளாதாரத்துக்கு மாறுவது பற்றிப் பேசுகிறவர்கள் பலரும், பசுமை வந்துவிட்டால் நியாயம் தானாகவே பின்னால் வந்துவிடும் என்பதுபோல் பேசுகிறார்கள். திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கத் தோதான இடம். பழைய இரும்பை மின்சாரத்தில் உருக்கி, கட்டடக் கம்பி செய்யும் உலைகள் அங்கே நிறைய உண்டு.

முதலில் அந்த நம்பிக்கையில் இருக்கும் உண்மையை ஒப்புக்கொள்வோம். இரும்புத் தாதுவையும் நிலக்கரியையும் ஊதுலையில் இட்டு ஒரு டன் எஃகு எடுத்தால் 2 டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறும். இந்திய எஃகுத் தொழிலின் சராசரி 2.5 டன்னை ஒட்டி இருக்கிறது. இண்டக்‌ஷன் ஃபர்னஸ் எனப்படும் மின்தூண்டல் உலைக்கு ஒரு டன் ஸ்கிராப்பை உருக்க ஏறக்குறைய 600 யூனிட் மின்சாரம் தேவை. நம் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்று வைத்தால் அரை டன்கூட ஆகாது. கம்பி உருட்டும் ரோலிங் மில்லின் சூடேற்றும் உலையைச் சேர்த்தாலும் ஊதுலைப் பாதையின் பக்கத்தில் வராது. 2024 டிசம்பரில் மத்திய எஃகு அமைச்சகம் வெளியிட்ட வகைப்பாட்டின்படி, டன்னுக்கு 2.2 டன்னுக்குக் கீழே இருந்தால் அது பசுமை எஃகு; 1.6க்குக் கீழே போனால் ஐந்து நட்சத்திரம். நிலக்கரியில் செய்த ஸ்பாஞ்ச் அயர்னை அதிகம் கலக்காமல், ஸ்கிராப்பையே நம்பி ஓடும் உலையால் அந்த ஐந்து நட்சத்திரத்தை எட்ட முடியும்.

ஆனால் அந்த நட்சத்திரம் அளப்பது பசுங்குடில் வாயுக்களை மட்டுமே. உலைக்குள் போகும் ஸ்கிராப்பில் பெயின்ட் பூசிய தகடு, எண்ணெய் படிந்த இயந்திரப் பாகம், துத்தநாகம் பூசிய கூரைத் தகடு எல்லாம் இருக்கும். உருகிய இரும்பின் மேல் அதைக் கொட்டும்போது பெயின்டும் எண்ணெயும் எரிந்து கரும்புகை எழும். துத்தநாகம் ஆவியாகி வெள்ளைப் புகையாகும். சரக்குப் போடும் நேரத்தில் உலையின் வாய் திறந்திருக்கும். மேலே உறிஞ்சு கூண்டு சரியாக மூடியிருந்து, விசிறியும் பை வடிகட்டியும் ஓடினால் புகையில் பெரும்பகுதி பிடிபடும். ஓடாவிட்டால் அது புகைபோக்கி வழியாகப் போகாது. கொட்டகைக் கூரையின் இடுக்குகள் வழியாக நேரே ஊருக்குள் இறங்கும். பாப்பன்குப்பம், சித்தராஜகண்டிகைப் பக்கத்து மொட்டை மாடிகளில் காலையில் கரித்தூள் படிந்திருக்கிறது என்று மக்கள் சொல்வதை இந்த வழியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

‘புகைபோக்கியில் மாதிரி எடுத்தோம், அளவு வரம்புக்குள் இருக்கிறது’ என்ற பதில் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. கூரை வழியாகத் தப்பியது அந்தக் கணக்கில் வராது, அவ்வளவுதான். காற்றில் மிதக்கும் நுண்துகளுக்கான தேசிய வரம்பும் 24 மணி நேரச் சராசரி. நள்ளிரவில் இரண்டு மணி நேரம் மூச்சு முட்டினாலும் பகல் காற்று அந்தச் சராசரியைக் கரைத்துவிடும். இரவில் ஏன் என்று கேட்டால் விடை மின்கட்டணப் பட்டியலில் இருக்கிறது: உயரழுத்தத் தொழிற்சாலைகளுக்கு உச்ச நேரத்தில் கூடுதல் கட்டணம், இரவு 10 முதல் காலை 5 வரை 5 சதவீதத் தள்ளுபடி. மின்சாரமே பெரிய செலவாக இருக்கும் தொழில் இரவில் ஓடத்தான் செய்யும். விசிறியும் மின்சாரம் தின்னும் என்பதால் அதை நிறுத்தும் ஆசையும் அதே இரவில்தான் வரும். இந்த மின்சாரத்துக்கு அதே மாவட்டம் இன்னொரு விலையும் கொடுக்கிறது. அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்களின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படிந்து மீனவர்களின் பிழைப்பைக் கெடுத்த வரலாறு பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறது. நாளைக்கே முழு மின்சாரமும் காற்றாலையிலிருந்து வந்தால் சாம்பல் குறையும், நட்சத்திரம் கூடும். உலைவாய்ப் புகை ஒரு இம்மியும் குறையாது.

வேலைவாய்ப்பு என்ற வாதமும் இப்படித்தான். உலை முன்னே நிற்பவர்களில் பலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவர்கள். ஸ்கிராப்பில் ஈரமோ, மூடிய உருளையோ கலந்திருந்தால் உருகிய இரும்பு வெடித்துத் தெறிக்கும். அந்த ஆபத்துக்கும் நட்சத்திரத்தில் இடமில்லை. நிலத்தைப் பற்றிய கணக்கும் தெரிந்ததே. பக்கத்துத் தேர்வாய்கண்டிகையில் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பொது நிலம் சிப்காட்டுக்குப் போனபோது, அங்கே மாடு மேய்த்தவர்களிடம் பட்டா இல்லை. அவர்களது புகார் 2012இல் பாரிஸ் வரை போனது, அந்தச் சிப்காட்டில் டயர் ஆலை அமைத்த மிஷ்லின் பிரெஞ்சு நிறுவனம் என்பதால்.

இதையெல்லாம் சொன்னால் இரண்டு மறுப்புகள் வரும். பணக்கார நாடுகள் முதலில் வளர்ந்து பிறகுதானே சுத்தம் செய்தன என்பது ஒன்று. அவர்கள் அப்படிச் செய்தது உண்மை. ஆனால் பை வடிகட்டி இன்று கண்டுபிடிக்க வேண்டிய பொருள் அல்ல. இரண்டாவது மறுப்பு கனமானது: இங்கே கெடுபிடி செய்தால் ஆலைகள் எல்லை தாண்டி தடா, ஸ்ரீசிட்டிப் பக்கம் போய்விடும். சலுகைக்கும் மின்கட்டணத்துக்கும் ஆலைகள் இடம் மாறுவதுண்டு, மறுக்க முடியாது. ஆனால் 1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் எல்லைக்கு அந்தப் பக்கமும் அதே சட்டம்தான். பழைய இரும்பு வந்திறங்கும் சென்னை, காமராஜர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களும், கம்பியை வாங்கும் சென்னையும் இந்தப் பக்கம். ஒரு விசிறியின் மின்செலவுக்காக இவற்றை விட்டு ஒரு உலை நகரும் என்பதை நம்பக் கடினமாக இருக்கிறது.

சிறிய உலைக்காரரின் கையிருப்பு குறைவு என்பதும் நிஜம். அதற்குத் தளர்வு தருவதைவிட, உறிஞ்சு கூண்டுக்கு மானியக் கடன் கொடுத்துவிட்டு, அதன் விசிறி ஓடாமல் உலைக்கு மின்சாரம் ஏறாதபடி இரண்டையும் இணைத்துப் பூட்டச் சொல்லலாம். பசுமை எஃகுச் சான்றுக்கும் அதையே நிபந்தனையாக்கலாம். விசிறிக்குத் தனி மின்மீட்டர் வைத்து, உலை மீட்டரோடு அதன் இரவுக் கணக்கை மாதாமாதம் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டினால், எந்த இரவில் எது ஓடவில்லை என்பதைப் பாப்பன்குப்பத்துக்காரரே படித்துக்கொள்வார்.