சூரியத் தகடும் கரைப்பானும்

கேள்வி: பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலத்தை மை பூசுவதுபோல மலிவாகச் செய்யலாம் என்கிறார்கள். அதில் விஷக் கரைப்பான் சேர்கிறதாமே, உண்மையா?
- வாசகி ஒருவர், ஏம்பலம்

பதில்: உண்மைதான். 2009-இல் ஜப்பானில் மியாசாகா குழு செய்த முதல் கலத்தின் திறன் 3.8 சதவீதம். இன்று ஆய்வகத்தில் 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. மும்பை ஐஐடியில் தினேஷ் கப்ராவின் குழு இதைச் சிலிக்கானோடு அடுக்கிப் பார்க்கிறது.

சிக்கல் பூசும் திரவத்தில் இருக்கிறது. பெரோவ்ஸ்கைட் படிகத்தின் மூலப்பொருளான ஈய அயோடைடு எளிதில் கரையாது. ஈய அணுவைப் பற்றிக்கொள்ளும் திரவம் வேண்டும். பூசியபின் அதே திரவம் பிடியை விட்டு ஆவியாகவும் வேண்டும், இல்லையேல் படலம் ஓட்டை ஓட்டையாகிவிடும். இரண்டுக்கும் வாகாக அமைந்தது டிஎம்எஃப் எனும் டைமெத்தில் ஃபார்மமைடு. அது தோல் வழியே உடம்பில் இறங்கும், கல்லீரலைக் கெடுக்கும், கருவையும் பாதிக்கக்கூடும். ஐரோப்பிய ஒன்றியம் 2023 டிசம்பர் முதல் அதற்குக் கடும் கட்டுப்பாடு விதித்துள்ளது.

மாற்று? டிஎம்எஸ்ஓ எனும் டைமெத்தில் சல்ஃபாக்சைடு நச்சு குறைந்தது. ஆனால் 189 டிகிரியில்தான் கொதிக்கும், சீக்கிரம் உலராது. கரைந்திருக்கும் ஈயத்தைத் தோலுக்குள் இழுத்துச் செல்லவும் கூடும், கையுறை கட்டாயம். தாவரக் கழிவிலிருந்து எடுக்கக்கூடிய காமா வேலரோலாக்டோனையும் சோதிக்கிறார்கள். படிகம் சட்டென்று உருவாகத் தெளிக்கும் குளோரோபென்சீனுக்குப் பதில், நகப்பூச்சு அழிப்பானில் மணக்கும் எத்தில் அசிட்டேட் நன்றாகவே வேலை செய்கிறது. என் கணிப்பில் முதலில் தொழிற்சாலைக்குள் நுழையப்போவது இதுதான்.

தயாரான தகட்டில் கரைப்பான் ஏறக்குறைய மிஞ்சாது. ஆபத்து பூசுகிற தொழிலாளிக்குத்தான். தகட்டில் தங்கும் ஈயம் வேறு வழக்கு.