உங்கள் மருத்துவ ரிப்போர்ட்டுக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் யார்?

ஒத்தக்கடையில் புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர் ஒருவர், தன் அம்மாவுக்கு 14 இலக்க ஆபா எண் எடுத்துத் தரச் சொன்னார். ஓ.டி.பி.யை டைப் செய்யும்போது அம்மா கேட்டார்: "தம்பி, என் சுகர் ரிப்போர்ட்டெல்லாம் யார் கைக்குப்பா போகும்?"

நல்ல கேள்வி. கம்ப்யூட்டரில் அட்மினிஸ்ட்ரேட்டர் யார் என்று பார்ப்போம் அல்லவா? அதே போல இதையும் பார்ப்போம்.

இந்த எண்ணை வழங்கும் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் 2021 செப்டம்பர் 27-ல் நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்டது. நடத்துவது தேசிய சுகாதார ஆணையம். அதன் ஆட்சிக்குழு அமையும் விதம்:

1. தலைவர்: மத்திய சுகாதார அமைச்சர். அமைச்சர் மாறினால் தலைவரும் மாறுவார்.

2. பதவி வழியாக வருபவர்கள்: நிதி ஆயோக் தலைமைச் செயல் அதிகாரி, மத்திய அரசின் செலவினத் துறைச் செயலர், சுகாதாரத் துறைச் செயலர்.

3. மாநிலங்கள்: 5 மண்டலங்களிலிருந்து தலா ஒரு சுகாதாரச் செயலர், சுழற்சி முறையில். தெற்கு மண்டலத்தின் முறை தமிழகத்துக்கு வரும்போதுதான் நம் செயலருக்கு இடம்.

4. வல்லுநர்கள்: மத்திய அரசு நியமிக்கும் 2 பேர்.

5. உறுப்பினர்-செயலர்: ஆணையத்தின் தலைமைச் செயல் அதிகாரி.

தேர்தல் கிடையாது. நோயாளிகளுக்கென்று தனி இடமும் இந்தப் பட்டியலில் இல்லை.

அப்படியானால் நம் கையில் என்ன இருக்கிறது? சம்மதம்! ரிப்போர்ட்டுகள் டில்லியில் ஒரே இடத்தில் குவிவதில்லை. எடுத்த மருத்துவமனையிலேயே இருக்கும். வேறு மருத்துவமனை கேட்டால் உங்களுக்குக் கோரிக்கை வரும். எந்த ரிப்போர்ட், எத்தனை நாள் வரை என்று நீங்களே குறிப்பிடலாம். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் செய்யலாம்.

எனவே படிக்காமல் 'சம்மதம்' பட்டனை க்ளிக் செய்யாதீர்கள். இதைச் சொன்னதும் அம்மா, "கொஞ்சம் இருப்பா" என்று மூக்குக் கண்ணாடியைத் தேடினார்.