கடற்கரை மணலில் பந்து தட்டும் மக்காவுக்கு



நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் நெருக்கியடித்துக் கிடக்கும் இந்த ஊர்களில் பிறந்த பையனுக்குப் பந்தை அடக்கக் கற்றுக்கொடுக்க யாரும் வரவேண்டியதில்லை. வள்ளங்கள் ஏற்றி வைத்தது போக மிச்சமிருக்கும் மணலெல்லாம் மைதானம். பங்குத் திருவிழா வந்தால் டூர்ணமெண்ட். வெறுங்காலால் மணலில் ஆடிப் பழகியவன் புல்தரையில் இறங்கினால் வெளியூர்க்காரர்கள் வாய்பிளந்து நிற்பார்கள். உன்னையும் அப்படிப் புகழ்ந்திருப்பார்கள். அந்தப் புகழை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சுதந்திர இந்தியாவின் கால்பந்துக் கதையும் வெறுங்காலில்தான் தொடங்குகிறது. 1948 ஜூலை 31 அன்று லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சை எதிர்த்து ஆடிய இந்திய அணியில் பெரும்பாலோர் பூட்ஸ் அணியவில்லை. சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டார். இரண்டு பெனால்டிகள் வீணாயின. முடிவு 1-2. அந்த வெறுங்கால்களைப் பற்றி எழுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த இரண்டு பெனால்டிகளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

1950 உலகக்கோப்பைக் கதையை நீயும் கேட்டிருப்பாய். பூட்ஸ் போடாமல் ஆட ஃபிபா விடவில்லை, அதனால்தான் இந்தியா பிரேசிலுக்குப் போகவில்லை என்பார்கள். டீக்கடையில் சொல்ல நல்ல கதை. ஆனால் பயணச் செலவில் பெரும்பகுதியை ஏற்கப் போட்டியை நடத்திய பிரேசில் முன்வந்திருந்தது. ஸ்வீடன், இத்தாலி, பராகுவே இருந்த பிரிவில் இந்தியாவுக்கு இடமும் காத்திருந்தது. உலகக்கோப்பையைவிட ஒலிம்பிக்தான் பெரிது என்று நினைத்த இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் போகவேண்டாம் என்று முடிவெடுத்தது. முடிவெடுத்தவர்கள் தப்பித்துக்கொண்டார்கள், பழி கால்களின்மேல் விழுந்தது. இனி யாராவது உன்னிடம் இந்தக் கதையைச் சொன்னால் தலையாட்டாதே.

மறு ஆண்டு டெல்லி ஆசிய விளையாட்டில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம் வந்தது. மேவாலால் போட்ட கோல். அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், குளிரில், யூகோஸ்லாவியா பத்து கோல் திணித்தது. இந்தியாவுக்கு ஒன்று. அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது.

இந்த இடத்தில் ஒரு வாத்தியாரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம், பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து இந்திய அணியின் பயிற்சியாளரானவர். பந்தை வைத்துக்கொண்டு வித்தை காட்டும் பையன்களுக்காக டிரிபிளிங் செய்யக்கூடாது என்று விதி வைத்துப் போட்டி நடத்தினார். வலுவில்லாத காலால் மட்டும் ஆடவேண்டும் என்று இன்னொரு போட்டி. உன் ஊரில் இப்படி ஒரு டூர்ணமெண்ட் அறிவித்தால் எத்தனை அணி பெயர் கொடுக்கும்? ஒருவனுக்கு எது நன்றாக வருகிறதோ அதைப் பறித்துவிட்டு, மிச்சத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்த மனிதர் அவர்.

1956 நவம்பர் 1 அன்று நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. சரியாக ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 1 அன்று, ரஹீமின் பையன்கள் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4-2 என்று வீழ்த்தினார்கள். நெவில் டிசோசா மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் ஹாட்ரிக் அடித்த முதல் ஆசியர் அவர்தான். அரையிறுதியில் யூகோஸ்லாவியாவுக்கு எதிராகவும் முதலில் கோல் போட்டது இந்தியாதான். பிறகு அடுக்கடுக்காக நான்கு வாங்கி 1-4. அன்று நம் நாட்டு உள்ளூர்ப் போட்டிகள் 70 நிமிடத்தில் முடிந்துவிடும், ஒலிம்பிக் ஆட்டமோ 90 நிமிடம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த ஸ்கோரைப் பார். வெண்கலத்துக்கான ஆட்டத்திலும் பல்கேரியாவிடம் தோற்று, நான்காம் இடம்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுதான் உச்சம். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 தோல்வி. தாய்லாந்தோடு மோதியதில் ஸ்டாப்பர் பேக் ஜர்னைல் சிங்கின் மண்டை உடைந்து தையல் போட்டார்கள். இஸ்ரேலையும் தைவானையும் சேர்க்காததை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்துப் பேசியிருந்ததால் ஊரே இந்தியாவுக்கு எதிராகக் கொதித்துக்கொண்டிருந்தது. செப்டம்பர் 4 அன்று இறுதியாட்டம், எதிரே மறுபடியும் தென்கொரியா, சுற்றிலும் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர் கூச்சல். ரஹீம், தலையில் கட்டோடு நின்ற ஜர்னைல் சிங்கை முன்வரிசையில் இறக்கினார். பி.கே.பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று, இந்தியா 2-1, தங்கம். கோல் காத்தவர் ஃபுளூ காய்ச்சலோடு வந்த பீட்டர் தங்கராஜ்.

அந்தத் தங்கராஜைத் தெரிந்துகொள். ஹைதராபாத்தில் பிறந்து, ராணுவத்தில் சேர்ந்து, நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணிக்கு ஆடியவர். ஆரம்பத்தில் அவர் சென்டர் ஃபார்வர்டு. கோல் போட வந்த ஆளைக் கோல் காக்க நிறுத்தினார்கள். ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று பெயர் வாங்கினார். தடுக்க வந்தவர் கோல் போட்டு, கோல் போட வந்தவர் தடுத்து வந்த தங்கம் அது.

ஓராண்டு முடிவதற்குள் ரஹீம் புற்றுநோயில் இறந்தார். 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம், 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலம், அதோடு பெரிய மேடையில் பதக்கக் கணக்கு முடிந்தது. தெற்காசியக் கோப்பையை ஒன்பது முறை வென்றிருக்கிறோம் என்பது உண்மைதான். ஆனால் 2024 ஜனவரியில், கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையின் மூன்று ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. 2025 அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் தோற்று 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பும் போனது. ஆறுதல் வேண்டுமென்றால் பெண்கள் அணியைப் பார்: அதே ஆண்டு ஜூலையில் தாய்லாந்தை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று வென்று 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். உன் தங்கச்சி பந்தைத் தொட்டால் முறைக்காதே.

இனி உன் பக்கத்து ஊருக்கு வருவோம். இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ், 2019 ஜூனில் தாய்லாந்தில் நடந்த கிங்ஸ் கோப்பையில் இந்திய அணிக்காக முதன்முதலாக இறங்கினார். எதிரணி குரசாவோ. இந்தியா 1-3 என்று தோற்றது. குரசாவோ என்றால் கரீபியன் கடலில் ஒன்றரை லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் தீவு. 2011 கணக்குப்படி நம் மாவட்டத்தில் மட்டும் பதினெட்டு லட்சத்துக்கு மேல். அந்தத் தீவு 2025 நவம்பரில் உலகக்கோப்பைக்குத் தகுதி பெற்றது. அந்த அணியில் பெரும்பாலோர் நெதர்லாந்தில் பிறந்து அங்குள்ள கிளப்புகளில் சிறுவயது முதல் பயிற்சி பெற்றவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடற்கரை அவர்களுக்கும் உண்டு. ஆட்டத்தை அவர்கள் கற்ற இடம் வேறு.

சூசைராஜின் இயல்பு முன்னேறித் தாக்குவது. ஆனால் 2019-20 இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) சீசனில் கொல்கத்தாவின் ஏடிகே கிளப் அவரை இடது விங்-பேக்காக ஆடவைத்தது. கோட்டுக்குக் கோடு ஓடி, தாக்கிவிட்டுத் திரும்பித் தடுக்கவும் வேண்டிய வேலை. அந்த அணிதான் அந்த ஆண்டு சாம்பியன். அடுத்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். முழங்காலைப் பாதுகாக்கத் தொடைத் தசைக்கு என்னென்ன பயிற்சி என்று இப்போதே கேட்டுத் தெரிந்துகொள். நம் கரையில் இதை அடிபட்ட பிறகுதான் கேட்கிறார்கள்.

வேலை விஷயம். மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியில் ஆடினால் போலீசிலோ ரயில்வேயிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கும் என்று வீட்டில் சொல்வார்கள். அதில் தப்பில்லை. ஒக்கிப் புயல் 2017இல் இந்த ஊர்களிலிருந்து எத்தனை பேரைக் கொண்டுபோனது என்று தெரிந்தவர்கள், கரையில் ஒரு சம்பளம் வேண்டும் என்று நினைப்பதை யாரும் குறை சொல்லமுடியாது. ஆனால் வேலைக்கான உத்தரவு கையில் வந்ததும் பயிற்சியை விட்டுவிடுவது வேறு. தமிழ்நாடு சந்தோஷ் டிராபியை ஒருமுறைகூட வென்றதில்லை. 2012இல் இறுதிவரை போய் முப்படைகளின் சர்வீசஸ் அணியிடம் 2-3 என்று தோற்றது. மலப்புறத்தில் அணிக்கு ஏழு பேராக ஆடும் செவன்ஸ் ஆட்டங்களில் கைக்குக் கை பணம் கிடைக்கும், போ, ஆடு. அந்தச் சின்ன மைதானத்து ஆட்டத்தை வைத்துப் பதினொருவர் ஆட்டத்துக்குத் தேர்வாகிவிடலாம் என்று மட்டும் கணக்குப் போடாதே.

அடுத்த தேர்வு முகாமில் பயிற்சியாளர் உன்னை விங்கிலிருந்து எடுத்துப் பின்வரிசையில் நிறுத்தினால் முகம் சுளிக்காமல் போய் நில். இடது காலால் அடிக்கச் சொன்னால் இடது காலால் அடி. அதுவரை, பெனால்டி அடித்துப் பழகு.